காற்றுக்கும் எடை உண்டு

உலகத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஓட்டாதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாலும் யாருக்கும் தொந்தரவில்லை; விட்டுவிடுவோம். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. இவரிடம் சைக்கிள் இருக்கும். அதுவும் மணலிலும் சேற்றிலும் உருளுவதற்கென்றே செய்த, டயர் ஒவ்வொன்றும் தலையணை போலப் பருத்த சைக்கிள். அதை இவர் ஓட்டமாட்டார். எடை போடுவார். இந்த வகைக்குக் கிராம்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

கிராம்காரரை அடையாளம் காண்பது சுலபம். அவருடைய சைக்கிள் வாசலில் நிற்காது, கூடத்தில் நிற்கும், பெரும்பாலும் தலைகீழாக. நீங்கள் உள்ளே நுழைந்ததும் "வாங்க வாங்க" என்பார். "உட்காருங்க" என்று மட்டும் சொல்லமாட்டார், ஏனென்றால் நாற்காலியில் டயர் உட்கார்ந்திருக்கும். அடுத்த நிமிஷம் உங்கள் கையில் ஒரு சக்கரத்தைத் திணித்து, "தூக்கிப் பாருங்க" என்பார். தூக்குவீர்கள். சக்கரம் சக்கரம் மாதிரிதான் இருக்கும். அவரோ பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "பரவாயில்லையே, லேசா இருக்கே" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டால் தொலைந்தீர்கள். போன மாதம் அது எவ்வளவு இருந்தது, இந்த மாதம் எவ்வளவு, அடுத்த மாதம் எவ்வளவு ஆகப்போகிறது என்று மூன்று மாதத்துக் கதையையும் கேட்டு முடித்தபிறகுதான் காபி வரும். அதுவும் ஆறி.

இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார். என் அக்காவின் கணவர்.

அத்தான் கட்டட வரைபடம் வரைகிறவர். நல்ல மனிதர். சுவர் அரை விரல் தள்ளிப்போனால் அவருக்குத் தூக்கம் வராது. தடித்த டயர்தான் வேண்டுமென்று நான்கு கடை ஏறி இறங்கி அந்தச் சைக்கிளை வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "சக்கரம் ரொம்ப கனமா இருக்கே" என்று கவலைப்பட ஆரம்பித்தார்.

"தடியா வேணும்னுதானே வாங்கினீங்க அத்தான்?"

"தடியாத்தான் வேணும். கனமா வேணாம்."

"கொஞ்சம் கனமா இருந்தாத்தான் என்ன?"

"நல்லாக் கேட்டே போ! சும்மா உட்கார்ந்திருக்கிற எடை வேற, சுத்துற எடை வேற. சக்கரத்துல ஒரு கிராம் குறைச்சா உடம்புல ரெண்டு கிராம் குறைச்ச மாதிரி. தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கணக்கை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பது தெரியும். என் அக்கா வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறவள். கேக்கின் உச்சியை மட்டமாகச் சீவும்போது விழுகிற துண்டுகள் ஒரு தட்டில் இருக்கும். சக்கரத்தில் பத்து கிராம் குறைந்த அன்று அத்தான் அந்தத் தட்டிலிருந்து இருபது கிராம் எடுத்துக்கொள்வார். கணக்குக் கணக்குத்தானே? நான்கே மாதத்தில் சக்கரம் இளைத்தது. வேறொன்று இளைக்கவில்லை.

தொடக்கத்தில் எல்லாம் நியாயமாகத்தான் போனது. உள்ளேயிருந்த கனமான டியூப்களைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் வெள்ளைப் பசையை டயருக்குள் ஊற்றினார். ஒரே நாளில் அறுநூறு கிராம் போனது. அத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் வெறும் சைக்கிள்காரர். நிறுத்தினாரா? சக்கரக் கம்பிகளின் முனையில் இருக்கும் பித்தளைத் திருகுகளை எடுத்துவிட்டு அலுமினியத் திருகுகளைப் போட்டார். காற்றடிக்கிற வாயின் மூடிகளைத் தூக்கி எறிந்தார், இரண்டு கிராம். புது டயரில் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் முடி, அதை நகவெட்டியால் ஒவ்வொன்றாக வெட்டினார். மூன்று சாயங்காலம், நான்கு கிராம். அந்த வாரம் அவருடைய சொந்த நகங்கள் வெட்டப்படாமலே கிடந்தன.

இதற்கெல்லாம் தராசு வேண்டாமா? வேண்டும். வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. அக்காவின் சமையலறைத் தராசு.

"என்னங்க, சர்க்கரை அளக்கணும். தராசு எங்க?"

"ரெண்டே நிமிஷம். திருகு போட்டிருக்கேன்."

"எத்தனை திருகு?"

"அறுபத்துநாலு."

"மொத்தமா அள்ளிப் போட்டு எடுக்க வேண்டியதுதானே?"

"மொத்தமா போட்டா அதுல யாரு குண்டுன்னு எப்படித் தெரியும்?"

ரெண்டே நிமிஷம் என்றால் கிராம்காரர் மொழியில் இருட்டும்வரை என்று அர்த்தம். அக்கா கண்ணளவில் சர்க்கரை போட்டாள், கண்ணளவில் மாவு போட்டாள். ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக் நடுவில் குழிந்து, மீன்தொட்டி வைக்கத் தோதாக வந்தது. அதை வாங்கிக்கொண்டுபோன அம்மாள் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை அக்கா மறக்கவில்லை.

சரி, இத்தனை இளைத்த சைக்கிளை அத்தான் ஓட்டவாவது செய்தாரா? ஒரே ஒரு தடவை. தெருமுனைவரை போய்விட்டு வந்து, சக்கரங்களைக் கழற்றித் தராசில் வைத்தார். பதினொரு கிராம் கூடியிருந்தது! புழுதி. அன்று சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஓட்டினா அழுக்கு ஒட்டுது. அழுக்குக்கு எடை இருக்கு." அதற்குப் பிறகு சைக்கிள் படி இறங்கவில்லை.

சைக்கிள் கடைக்காரரிடம் யோசனை கேட்கப் போனவரை அந்தப் பெரியவர் மேலும் கீழும் பார்த்தார். "சார், இன்னும் லேசாகணும்னா ஒரே வழிதான் இருக்கு. மேல உட்கார்றவர் இறங்கிக்கணும்." அத்தான் இதை ஒரு தொழில்நுட்ப ஆலோசனையாகவே எடுத்துக்கொண்டு, "அதான் உட்கார்றதே இல்லையே" என்றார்.

குழிந்த கேக்குக்கு மறுநாள் அக்கா வழக்கை முடித்துவிடத் தீர்மானித்தாள்.

"இதோ பாருங்க. வர்ற ஞாயித்துக்கிழமை மேட்டு மேல தண்ணித்தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்கு நான் கேக் கொண்டுபோறேன். நீங்களும் உங்க சைக்கிள்ல வாங்க. தொட்டி வரைக்கும் கால் ஊனாம வந்துட்டீங்கன்னா தராசு உங்களுக்கு. நான் இனிமே கேட்கவே மாட்டேன். நடுவுல கால் ஊனிட்டீங்கன்னா தராசு எனக்கு. அப்புறம் அதுமேல ஒரு திருகைக்கூடப் பார்க்கக்கூடாது."

"கால் ஊனாம. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். தங்கச்சிதான் சாட்சி."

சாட்சிக்காக முந்தின இரவே அக்கா வீட்டில் வந்து படுத்திருந்த நான், ஞாயிறு காலை ஆறு மணிக்கு அத்தானின் சத்தம் கேட்டு எழுந்தேன். சமையலறையில், தராசின்மேல் ஒரு பாத்திரத்தில் வைத்த சக்கரத்தின் முன்னால் அவர் பரவசமாக நின்றுகொண்டிருந்தார். காற்றோடு ஒரு தடவை எடை போட்டிருக்கிறார். பாதிக் காற்றை இறக்கிவிட்டு இன்னொரு தடவை.

"பன்னெண்டு கிராம்! ரெண்டு சக்கரத்துக்கும் இருபத்துநாலு! இத்தனை நாளா நான் காத்தைச் சுமந்துகிட்டு அலைஞ்சிருக்கேன்!"

அவர் எங்கும் அலையவில்லை என்பதை நான் நினைவூட்டவில்லை. "அத்தான், காத்து இருந்தாத்தானே டயர் நிக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கு, தேவையான அளவு இருக்கு. மீதியெல்லாம் ஆடம்பரம்."

காற்றடிக்கிற பம்ப் நூற்றைம்பது கிராம். அதை வீட்டிலேயே விட்டுவிட்டார்.

கிளம்பினோம். அக்காவின் சைக்கிளுக்குக் கூடை உண்டு, மணி உண்டு, ஸ்டாண்டு உண்டு, சங்கிலிக்கு மூடி உண்டு. அன்று கூடையில் மூன்று கிலோ கேக்கும் உண்டு. மொத்த எடை என்னவென்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. நான் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சைக்கிளில் பின்னால் போனேன். முதல் வளைவுவரை அத்தான்தான் முன்னால். முகத்தில் அப்படியொரு பெருமிதம். இரண்டாவது வளைவில், விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் கைப்பிடியைத் திருப்பினார். தொளதொளத்த முன்டயர் மட்டும் திரும்ப மறுத்தது. 'புர்ர்' என்று ஒரு சத்தம். டயர் விளிம்பைவிட்டுக் கழன்று, உள்ளேயிருந்த வெள்ளைப் பசை அவர் சட்டை, மூக்கு, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலும் அபிஷேகமானது. சைக்கிள் நின்றது. சாய்ந்தது. அத்தான் எட்டி விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டார்.

கால்கள் இரண்டும் பெடலில்.

"ஊனல!" என்று கத்தினார். "பார்த்துக்கோங்க, ஊனல!"

அக்கா இறங்கி வந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். உண்மைதான், ஊனவில்லை.

"கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டா?"

"கால் ஊனக்கூடாதுன்னுதானே சொன்னே? கையைப் பத்திப் பேச்சே இல்லையே!"

"எவ்வளவு நேரம் இப்படியே இருப்பீங்க?"

"யோசிக்கிறேன்."

அக்கா சைக்கிளில் ஏறி மேட்டுக்குப் போய்விட்டாள். நான் சாட்சி அல்லவா, நின்றேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், "விளக்கு எரியலையா சார்?" என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒரு நாய் வந்து கம்பத்தைப் பார்த்தது, அத்தானைப் பார்த்தது, தனக்கு இடமில்லை என்று புரிந்துகொண்டு போய்விட்டது. இருபது நிமிஷம். கம்பத்தைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தார்; ஆனால் பாதங்கள் பெடலைவிட்டு இம்மியும் நகரவில்லை. தராசு மேலிருந்த அந்தப் பற்றைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்தது.

அக்கா கேக்கைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். கூடைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சீவிய கேக் துண்டு, ஓரத்தில் கிரீமோடு.

"பசிக்குமேன்னு கொண்டுவந்தேன்."

அத்தானின் கண்ணாடியிலிருந்த பசைக்குப் பின்னால் கண்கள் பளிச்சிட்டன. "எவ்வளவு இருக்கும் அது?"

"எனக்கென்ன தெரியும்? தராசுதான் உங்ககிட்ட இருந்துச்சே. நீங்கதான் சொல்லணும்."

வேறு யாராக இருந்தாலும் வாயைத் திறந்து ஊட்டச் சொல்லியிருப்பார்கள். கிராம்காரரால் அது முடியுமா? கம்பத்தை விட்டார். இரண்டு கையையும் நீட்டி வாங்கி, உள்ளங்கையில் ஏந்தி, லேசாக மேலும் கீழும் அசைத்து, கண்ணை மூடி, "நூத்திப்பத்து" என்றார்.

இரண்டு காலும் தரையில் இருந்தன.

அக்கா சிரிக்கவில்லை. "சாப்பிட்டுட்டு வாங்க, இன்னைக்கு ரெண்டு கேக் அளக்கணும்" என்று சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டே இறங்கிப் போனாள். அத்தான் சாப்பிட்டார். பிறகு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். பாதி இறக்கத்தில் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் பூரிப்பு. "தூக்கிப் பாரேன், என்ன லேசு!"

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுவாரம் பழக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "உங்க அத்தான் தினமும் வந்து ஆப்பிளை இறக்கி வச்சுட்டு சக்கரத்தை ஏத்துறாரும்மா. வாங்குறவங்க எல்லாம் இது கிலோ என்ன விலைன்னு கேட்கிறாங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள். என்னிடம் சைக்கிளே இல்லையே என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். காலையில் ஓடப்போவதற்கென்று வாங்கிய காலணியின் கயிற்றை எட்டு விதமாகக் கட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்தது யார்? சரி, அதை விடுங்கள். ஒரே ஒரு சோதனை. அந்தக் கேக் துண்டைப் பொட்டலம் கட்டும் முன்பே, அத்தான் சட்டை மாற்றப் போன நேரம் பார்த்து, அக்கா தராசில் வைத்துப் பார்த்திருக்கிறாள். சரியான எடை அவளுக்குத் தெரியும், எனக்கும் சொன்னாள். நான் சொல்லப்போவதில்லை.

நூற்றுப்பத்துதானா, கூடவா குறைவா என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு எழுகிறதா?

அப்படியானால் இப்போதே எழுந்துபோய், உங்கள் வீட்டுத் தராசை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.