நெற்றியில் வெள்ளை

பாலம் வரை ஒழுங்காக வந்த குதிரை, இராணுவக் காவலரணான சென்றிக்கு முன்னால் நின்றுவிட்டது. அதன் மேலே மாப்பிள்ளைக் கோலத்தில் மர்சூக். பாலத்துக்கு அந்தப் பக்கம் பெண் வீடு. இருட்டினால் ஊரடங்கு. வெயில் ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டது.

இந்தக் கலியாணம் இரண்டு தரம் தள்ளிப்போனது. முதல் தரம் இராணுவத்தார் அவன் ஊர் ஓட்டமாவடியைச் சுற்றிவளைத்தார்கள். அடுத்த தரம் பாலத்தையே மூடிவிட்டார்கள். அந்தக் காலமெல்லாம் மர்சூக் பின்னேரங்களில் வாவிக்கரையில் நின்று, அக்கரையில் மணப்பெண் நஸீறா வீட்டுத் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளை ஒரே தரம்தான் கண்டிருந்தான், அதுவும் கதவிடுக்கில். அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு இவ்வளவு ஏங்குவது அவனுக்கே கூச்சமாக இருந்தது. இன்றும் நடக்காவிட்டால் அவன் தாங்கமாட்டான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் கலியாணத்துக்கு முன் பேசிக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. எல்லாம், ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் தரகர் உதுமாலெவ்வையின் வாய்வழிதான். போன மாதம் அவர் வந்து, பெண்பிள்ளைக்கு ஒரு ஆசை, மாப்பிள்ளை குதிரையில் வர வேண்டுமாம் என்றார். மர்சூக் மாடு முறைத்தாலே வேலி தாண்டி ஓடுகிறவன். ஆனாலும் எங்கேயாவது ஒரு வண்டிக் குதிரை தேடுவோம் என்றான்.

"வண்டிக் குதிரை சரிவராது தம்பி. பந்தயத்துல ஓடின குதிரையா இரிக்கணுமாம்."

காக்கா சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்துபோன பத்திரிகைப் படம் ஒன்றை எடுத்து விரித்தார். இப்படி நெற்றியில் வெள்ளை இருந்தால் இன்னும் நல்லது என்றார். இவள் எப்படிப்பட்ட பெண் என்று மர்சூக்குக்கு உள்ளூரக் கலக்கம். ஆனால் அவள் தன்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாள் என்பதே அவனுக்கு இனித்தது.

நுவரெலியாக் குதிரைப் பந்தயத்தில் சித்திரைக்குச் சித்திரை ஓடி ஓய்ந்த கிழக் குதிரை ஒன்று, பொலன்னறுவையில் ஒரு ஹோட்டல்காரரிடம் அகப்பட்டது. நெற்றியில் வெள்ளையும் இருந்தது. அதை லொறியில் ஏற்றினார்கள். நெல் மூட்டைக்கும் ஆடு மாட்டுக்கும் சோதனைச் சாவடிகளில் விதி இருந்தது, குதிரைக்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு சாவடியிலும் அதை இறக்கி, சுற்றி வந்து பார்த்து, மறுபடி ஏற்றவைத்தார்கள். முன்னால் இருக்கை இருந்தும் காக்கா பின்னால் குதிரையோடு நின்றுகொண்டே வந்தார்.

அந்தக் குதிரைதான் இப்போது நகர மறுத்தது.

மச்சான்மார் பின்னாலிருந்து தள்ளினார்கள். அது ஓர் உதை விட்டது, தள்ளுகிறவர்களில் ஒரு மச்சான் குறைந்தான். வாழைப்பழம் காட்டினார்கள். தின்றுவிட்டு நின்றது. உற்சாகமூட்ட றபான் மேளம் அடித்தார்கள். அது வந்த வழியே திரும்பப் பார்த்தது. இறங்கி நடந்தே போகிறேன் என்று மர்சூக் கெஞ்சினான். காக்கா விடவில்லை, நஸீறாவின் மனது உடைந்துவிடும் என்றார்.

பின்னால் வாகனங்கள் சேர்ந்துவிட்டன. சென்றிக்காரன் பொறுமையிழந்து, தூக்கியிருந்த தடைக் கம்பை இறக்கிப் பாதையை மூடினான். மூன்றாவது தரமும் போய்விட்டது என்று மர்சூக்கின் கண் கலங்கியது. அதைக் கண்டு இரங்கினானோ என்னவோ, சென்றிக்காரன் கம்பை மறுபடி தூக்கினான்.

கிழக் குதிரைக்கு வாழ்க்கையில் தெரிந்தது ஒன்றுதான். முன்னால் தடை திறந்தால் ஓட வேண்டும்.

பாலம் போனது. நஸீறா வீட்டுப் பந்தல் போனது. மாப்பிள்ளையின் கால் கழுவச் செம்போடு நின்ற மச்சினனும் போனான். தலைப்பாகை வாவிக்குள் விழுந்தது. ஊருக்கு வெளியே வட்டைக்குள் இறங்கி, வயல் சேற்றில் முழங்கால் புதைந்த பிறகுதான் குதிரை நின்றது. மர்சூக் நிற்கவில்லை, இன்னும் இரண்டு வரம்பு தாண்டிப் போய் விழுந்தான்.

ஊரடங்குக்குச் சற்று முன்னால், இடுப்பு வரை சேற்றோடு, குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தே பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மச்சினன் அவன் கால்களைப் பார்த்தான், செம்பை வைத்துவிட்டு வாளி எடுக்கப் போனான். குதிரையின் கால்களைக் காக்கா கழுவினார், யாரும் சொல்லாமலே.

நிக்காஹ் முடிந்தது. அறைக்குள் நஸீறா தலை குனிந்து இருந்தாள். இவ்வளவு காலம் மனதுக்குள் பேச்சைச் சேர்த்து வைத்திருந்த மர்சூக் முதலில் கேட்டது குதிரையைப் பற்றித்தான்.

"நீங்க கேட்ட குதிரையப் பாத்தீங்களா?" என்றான்.

அவள் நிமிர்ந்தாள். "நான் எங்க கேட்டன்? குதிரை இல்லாட்டி வரமாட்டன் எண்டு நீங்க ஒத்தக் கால்ல நிக்கிறதா காக்கா சொன்னார். எனக்குக் குதிரை எண்டாலே பயம்."

"எனக்கும்தான்" என்றான் மர்சூக்.

இருவரும் யன்னலுக்குப் போனார்கள். முற்றத்தில் எல்லோரும் சாப்பாட்டில் இருந்தார்கள். காக்கா மட்டும் குதிரையின் கழுத்தில் கன்னத்தை வைத்து நின்றார். அவர் கையில் அந்தப் பத்திரிகைப் படம் இருந்தது. மர்சூக் கோபத்தோடு வெளியே போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டான்.

காக்கா குதிரையை விட்டுத் திரும்பவில்லை.

"எத்தினை சித்திரைக்கு நுவரெலியாப் பந்தயம் பாக்க எண்டு வெளிக்கிட்டிருப்பன் தம்பி, ஒருக்காலும் பாதை திறக்கல்ல. அதான் குதிரைய இஞ்ச வரச் சொன்னன்."