நாங்கள் காட்டில் பால் காய்ச்சிய கதை

சீருடை போட்டவர்கள் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என் பிறவிக் குணம். அதனால் ஒரு காட்டையே அழ வைத்திருக்கிறேன்.

நாங்கள் ஆக்லாந்து நகரத்துப் பாபடோயிட்டோய் பக்கம் வாடகைக்கு இருப்பவர்கள். என் சகலை (மனைவியின் அக்கா புருஷன், வயதில் மூத்தவர், எடையிலும்) மவுண்ட் ஆல்பர்ட்டில் சொந்த வீட்டுக்காரர். போன கோடையில் கேம்பர்வேன் வேறு வாங்கிவிட்டார். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. "காட்டுக்குப் போறோம், நீங்களும் வாங்க. அஞ்சு பேரும் தாராளமா படுக்கலாம்" என்றார்.

என் மனைவி செல்வி முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனவள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு. "வேன்லயே படுத்துக்கலாம்ங்க" என்று கெஞ்சினாள். நான் கேட்டால்தானே! "அவர் வேன்ல போய் ஒண்டிக்கவா? நமக்குன்னு சொந்தமா டென்ட் வாங்குறேன் பாரு" என்று வீறாப்பாக வாங்கியும் வந்தேன்.

அரசாங்கக் காட்டு முகாமில் சகலை வேனை நிறுத்தி, கைப்பிடி ஒன்றை இழுத்து, டீயோடு உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டு மணி நேரம் டென்ட்டோடு மல்லுக்கட்டினேன். ஒரு பக்கம் நிமிர்ந்தால் மறுபக்கம் படுத்துக்கொண்டது. உதவ வந்த சகலையை "நானே பாத்துக்கிறேன்" என்று விரட்டிவிட்டேன். பாவம், அவரும் அக்காவும் ஆற்றுப் பக்கம் நடக்கப் போனார்கள்.

ஒருவழியாக அது நின்றது. (பெட்டியில் இருந்த படம் மாதிரி இல்லை. அது வேறு விஷயம்.) செல்வி சுற்றி வந்து பார்த்தாள். திட்டு விழும் என்று நினைத்தேன். "ஏங்க, நாம சொந்தமா வாங்கின முதல் வீடு. பால் காய்ச்சாம எப்படி உள்ள போறது?" என்றாள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரலில் கிண்டல் இல்லை. எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது.

டென்ட் வாசலில் அரிசி மாவுக் கோலம். சாமி படத்துக்குப் பூ. கேஸ் அடுப்பில் பால் பொங்கியதும் எங்கள் ஆறு வயது மது குதித்துக் குதித்துக் கை தட்டினாள். அப்போதுதான் முகாமைப் பார்த்துக்கொள்ளும் ரேஞ்சர் அம்மா சீருடையில் வந்தார். அரிசி மூட்டை, குக்கர், பாய், தலையணை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். (மூன்று நாளுக்குத்தான். நம் ஆட்கள் கிளம்பினால் அப்படித்தானே!)

"லீவுக்கு வந்தீங்களா?" என்று மதுவிடம் கேட்டார்.

"நோ, திஸ் இஸ் அவர் நியூ ஹவுஸ்!" என்றது என் குலக்கொழுந்து.

ரேஞ்சர் அம்மா என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "வீடு தேடிக்கிட்டு இருக்கீங்களா?"

"ஆமாங்க."

"எவ்வளவு நாளா?"

"நாலு வருஷமா. எதுவும் கைக்கு எட்ட மாட்டேங்குது."

சத்தியமாக ஒரு வார்த்தை பொய் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆக்லாந்து வீட்டு விலைக்காக அழுகிற ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று எனக்கு ஒரே பாசம்.

அரை மணி நேரத்தில் மற்ற வேன்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கம்பளி, பீன்ஸ் டின், கேக். அடடா, வெள்ளைக்காரர்களும் புதுமனை புகுவிழாவுக்குச் சீர் வைக்கிறார்களே என்று பூரித்துப்போய், ஆளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தேன். எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தலையைக் குனிந்து குடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து சகலை திரும்பி வந்தார். ரேஞ்சர் அம்மா நேராக அவரிடம் போனார். "இவங்க உங்க சொந்தக்காரங்களாமே? இவ்வளவு பெரிய வேனை வச்சுக்கிட்டு, வீடில்லாத குடும்பத்தைக் கூடாரத்துல குடிவச்சிருக்கீங்களே?"

சகலை திருதிருவென்று விழித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அட கடவுளே! வேன் வேனாகப் போய் விஷயத்தைச் சொல்லி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். அதைவிடக் கேவலம் என் வாழ்க்கையில் இல்லை. ஒரு தாத்தா மட்டும் டின்னை வாங்கவே இல்லை. "நாலு வருஷமா தேடுறே. எதுக்கும் இருக்கட்டும், வச்சுக்கோ."

அன்று ராத்திரி செல்வியும் மதுவும் வேனில் படுக்கப் போனார்கள். அவர்கள் தலையணைகளை நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். சகலை தன் தலையணையோடு என் டென்ட்டுக்குள் தவழ்ந்து வந்தார். கேலி செய்யப்போகிறார் என்று தயாராக இருந்தேன்.

"அந்தம்மா சொன்னப்ப ஒரு நிமிஷம் நிஜம்னே நினைச்சுட்டேன்யா. உசுரே போயிடுச்சு" என்றார். "அப்படி ஒண்ணு வந்தா முதல்ல எங்கிட்டதான் சொல்லணும். எங்க வீட்டுக் கீழ் ரூம் சும்மாத்தான் கிடக்கு."

இந்த மனுஷனோடா போட்டி போட்டேன் என்று வெட்கமாக இருந்தது. "சரிங்க சகலை" என்று பாயில் பாதியை அவருக்கு விட்டு நகர்ந்து படுத்தேன்.

இன்றைக்கும் எந்த விசேஷத்திலும் அவர் என்னை "காட்டுல சொந்த வீடு உள்ளவர்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். ஆனால் ஆக்லாந்து திரும்பியதுமே அந்தக் கீழ் ரூமின் சாவியை என் சாவிக்கொத்தில் மாட்டிவிட்டார். நான் வேலை பார்க்கும் மங்கரே கிடங்கில் ஷிப்ட் முடிந்து களைத்து வந்து, வாடகை வீட்டுக் கதவில் தினமும் நான் முதலில் நுழைப்பது அதைத்தான். உள்ளேயிருந்து செல்வி கத்துவாள்: "அது நம்ம இன்னொரு வீட்டுச் சாவிங்க!"