கரண்ட் அடுப்பில் கை நனைத்த விவரம்

அவினாசியப்பர் துணை

சேவூர்,
வைகாசி மாதம், 1973

ஊத்துக்குளி மச்சான் பொங்கியண்ணன் அவர்களுக்கு, சேவூர் ஆத்தப்பன் பணிவோடு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் சம்சாரமும் தங்கள் தங்கையுமான மாரக்காள், மகன் தங்கவேலு, கறவை எருமை உட்பட எல்லோரும் உடம்பால் சுகம். அவ்விடம் தாங்கள், அக்கா, தங்கள் மகள் சாரதாமணி அனைவரும் உடம்பாலும் மனசாலும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். என் மனசைப் பற்றி மட்டும் விசாரிக்க வேண்டாம்.

இதற்குள் சேதி உங்கள் காதுக்கு வந்திருக்கும். வேலம்பாளையத்தில் நான் கை நனைத்துவிட்டேன். பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி குடிக்கலாம், வெற்றிலை போடலாம், சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது, வைத்தால் பெண்ணை எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று அர்த்தம்; இது நம்மில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். சாரதாமணிக்குக் காது குத்திய அன்று, இவள்தான் என் மருமகள் என்று சபையில் சொன்ன இதே வாயால்தான் அந்தச் சோற்றைத் தின்றேன். உங்கள் முகத்தில் முழிக்க யோக்கியதை இல்லாததால் நேரில் வராமல் கடிதத்தில் வருகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். என்னை என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். உங்கள் தங்கைக்குத் தாய் வீட்டுக் கதவைச் சாத்திவிடாதீர்கள். ஆடி நோம்பிக்கு அவளை அழைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ரத்தினசாமி, ஒரு கல்யாணப் பந்தியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பையனோடு ஒரு நடை வந்து என் பெண்ணைப் பாருங்கள் என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். முறைப்பெண் இருக்கிறாள் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாயில் ஜிலேபி இருந்தது. மரியாதைக்குப் போவோம், காப்பியைக் குடிப்போம், சாமியிடம் பூக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்துவிடுவோம், பூ நமக்கு வேண்டிய பக்கம் விழாமலா போய்விடும் என்று நினைத்துக் குடும்பத்தோடு பஸ் ஏறினேன்.

அங்கே போனால் கூடத்து மேஜையில் அது இருக்கிறது. ரத்தினசாமிக்குச் சிங்கப்பூர் வியாபாரி ஒருவர் கொடுத்தனுப்பிய கரண்ட் அடுப்பு. பிள்ளையைக் குளிப்பாட்டும் தொட்டி அளவுக்கு வெள்ளை எனாமல் பெட்டி, உள்ளே தூக்கி எடுக்கிற மாதிரி ஒரு பாத்திரம், மேலே மூடி, மூடியில் எட்டிப் பார்க்கக் கண்ணாடி, முன்னால் சூட்டைக் கூட்டிக் குறைக்க ரேடியோவில் இருப்பது போல ஒரு திருகு. சமையலறையில் அதற்குத் தோதான பிளக் இல்லை என்பதால் கூடத்திலேயே சமையல். அவர் பெண்ணைப் பற்றி இரண்டு வார்த்தைதான் சொன்னார், அடுப்பைப் பற்றி ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. விறகு வேண்டாமாம், ஊதாங்குழல் வேண்டாமாம், கொள்ளுப் பயறைக் காலையில் போட்டுத் திருகிவிட்டுக் கம்பெனிக்குப் போனால் மத்தியானம் கடைகிற பதத்தில் இருக்குமாம், கத்திரிக்காயை முழுசாக வைத்தால் சுட்டு வருமாம். முதல் நாள் திருகை ஒரேயடியாகத் திருப்பியதில் பியூஸ் போய், பக்கத்துக் கம்பெனியில் மிஷின் எல்லாம் நின்று, பாதிக் கை வைத்த பனியனோடு ஆட்கள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்களாம். கம்பங்களி மட்டும் கிண்ட வழியில்லாமல் செங்கல்லாக வந்ததாம், எருமைக்கு வைத்ததற்கு அது முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். ஞாயிற்றுக்கிழமை கோழி வேக வைப்பதை மட்டும் அவர் சம்சாரம் பூவாத்தாள் சாமி படத்துக்கு முன்னால் ஆகாது என்று மறுத்துவிட்டதால், வாசல் வரைக்கும் நீளமாக ஒயர் இழுத்துப் பெட்டியை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோவார்களாம்.

அன்றைக்குள்ள பதார்த்தம் அரிசியும் பருப்பும் சேர்ந்த சோறு. எங்களுக்காக வைத்ததில்லை, அவர்கள் வீட்டு மத்தியானச் சாப்பாடு. சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் சேர்ந்து வேகிற வாசம் கூடத்தில் வேறு எதற்கும் இடம் விடவில்லை. பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனது. நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தது, நான் சரியாகக் கவனிக்கவில்லை. ரத்தினசாமியைக் கம்பெனியில் கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனார். பெண்கள் உள்ளே. தங்கவேலு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, துண்டால் துடைத்தேன், அது உள்பக்கத்து ஆவி, போகவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டால் அடிப்பிடித்துவிடும் என்று மூக்கு சொன்னது. அடுத்தவர் வீட்டுச் சோறு தீய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது மனுசத்தனமா, நீங்களே சொல்லுங்கள். மூடியைத் தூக்கினேன். வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினேன், நசுக்குவது தின்பது ஆகாது. அது சுட்டுவிட்டது. சுட்ட விரல் எங்கே போகும், வாய்க்குத்தான் போகும். அதோடாவது நின்றிருக்கலாம். உள்பக்கம் பார்த்து, "உப்புப் பத்தலீங்க" என்று நானே சத்தமாகச் சொன்னேன்.

பூவாத்தாள் உப்பு ஜாடியோடு வெளியே வந்தார். திறந்த மூடியைப் பார்த்தார், வாயிலிருந்த என் விரலைப் பார்த்தார், அதே நேரத்துக்கு வாசல்படி ஏறிய வீட்டுக்காரரைப் பார்த்து, "ஏனுங்க, சம்பந்தி கை நனைச்சுட்டாருங்க" என்றார். ரத்தினசாமி செருப்பைக் கழற்றாமல் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

இதுவரை விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்புறம் நடந்தது விபத்தில்லை. இலை போட்டார்கள், உட்கார்ந்தேன், மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மேலே ஊற்றிய நெய் உங்கள் ஊர் நெய். அந்த வாசத்தில் உங்கள் முகம் வந்து நின்றது மச்சான். வந்து நின்றும் நான் கையை எடுக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பஸ்ஸில் உங்கள் தங்கை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். பையனும் பிடி கொடுத்துப் பேசுவதில்லை. கடைசி வழியாக எங்கள் ஊர்ப் பெரியவர் சென்னியப்பனிடம் போய், அடுப்பே மூட்டாத வீட்டில், நெருப்பே காணாத சோற்றைத் தின்றால் கை நனைத்த கணக்கில் வருமா என்று நியாயம் கேட்டேன். "உள்ள போச்சா இல்லியா, ஆத்தப்பா?" என்றார். போச்சுங்க என்றேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிட்டார்.

ஆகவே, நான் கொடுத்த வாக்கைத் தின்றவன். உங்கள் குடும்பத்துக்கு என்னால் நேர்ந்த தலைகுனிவுக்கு உங்கள் காலில் விழுகிறேன். சாரதாமணி முகம் வாடியிருந்தால், இந்த மாமனைத் திட்டி மனசை ஆற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அவளுக்கு என்னைவிட நாக்கு அடக்கமான மாமனார் அமைய வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைக்கு ஆசீர்வாதம், தாங்கள் நோய் நொடியின்றி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
ஆத்தப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், விட்டது ஏதாவது உண்டா என்று கடிதத்தை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். இலை போட்ட இடம் வரைக்கும் பொறுமையாகக் கேட்டவள், நான் காலில் விழுந்த இடத்தில் வாயைத் திறந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கண்ணனுக்கு இதயும் சேத்து எழுதுங்க. சித்திரையில வந்தப்ப சாரதா எங்கிட்ட அழுதாளுங்க. அவளுக்கு இப்பக் கண்ணாலம் வேண்டாமாம், டீச்சர் டிரெய்னிங் போகோணுமாம். பெத்த ஐயங்கிட்டச் சொல்லப் பயம். சபையில குடுத்த வாக்கை நாம வாய்விட்டு மாத்த முடியுங்களா? அதுதான் அன்னைக்கு வெறகு ஈரம்னு சொல்லி ஊட்டுல அடுப்புப் பத்த வெக்கல. உங்களப் பசியோட கூட்டிட்டுப் போயி அந்தப் பொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில உக்கார வெச்சதும் நாந்தானுங்க."

இத்தனை நாள் பேசாதது கோபத்தால் இல்லையாம், பேசினால் சிரித்துவிடுவோம் என்று பயமாம். தங்கவேலுவைக் கேட்டேன், வேலம்பாளையத்துப் பெண்ணை அவனுக்குப் பிடித்திருக்கிறதாம். ஆகையால் மேலே நான் மன்னிப்புக் கேட்ட இடங்களை அடித்துவிட்டுப் படிக்கவும். குழந்தையை அதட்டாமல் டிரெய்னிங் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

என் நாக்கை நம்பித்தான் இந்தக் காரியத்தில் இறங்கியதாக உங்கள் தங்கை சொல்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை நம்பி ஒரு காரியத்தில் இறங்கியது இதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும்விட மச்சான், அதுதான் வெட்கமாக இருக்கிறது.