கிரீஸ் படாத சட்டை

கதை சொல்வதென்றாலே பார்வதிக்குப் பயம். எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிட்டால்? ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள். அவளிடம் போய், “எட்டு மணி சீரியலை நீ பார்த்து வை. காலைல காபியோட எனக்குச் சொல்லு” என்று உத்தரவு போட்டிருந்தார் அவள் வீட்டுக்காரர் திம்மப்பன். ஓசூரில் கம்பெனி வேலை. இந்த மாதம் செகண்ட் ஷிப்ட், வீடு திரும்ப நடுராத்திரி ஆகிவிடும்.

அது அந்தக் காலத்தில், பனி கொட்டும் ஓர் ஊரில் நடக்கும் துப்பறியும் சீரியல். அதில் வரும் துப்பறிகிறவர் அடிக்கமாட்டார், அதட்டமாட்டார். எதிரில் இருப்பவன் அண்டப்புளுகு புளுகினாலும், “அப்படியா” என்று மப்ளரைச் சரிசெய்துகொள்வார். அவ்வளவுதான். புளுகினவனுக்கு வியர்த்துவிடும்.

பார்வதிக்கு அந்த மப்ளரே போதும். கல்யாணமான புதிதில் ஓசூரில் ஃபேனே வேண்டாம், அத்தனை குளிர். திம்மப்பனும் மப்ளர் சுற்றிக்கொண்டு, டைனமோ விளக்கு மினுங்க, பனிக்குள்ளிருந்து சைக்கிளில் வருவார். அதிகம் பேசமாட்டார். இப்போது பனியும் போச்சு, மப்ளரும் போச்சு. பேச்சு மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

“நேத்து என்னா ஆச்சு?”

“டம்ளரைப் பார்த்தாருங்க.”

“அப்புறம்?”

“ஜன்னலைப் பார்த்தாரு.”

“யாரையாவது புடிச்சாரா இல்லியா?”

“குடையைப் புடிச்சாரு. மழை.”

“ஒரு மணி நேரம் பார்த்துட்டு இதானா? நீ தூங்கியிருப்ப. நாளைக்கு ஒழுங்கா சொல்லல, டிஷ்ஷையே கழட்டிப் போட்டுடுவேன்!”

பார்வதிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால், அந்தப் பனியை எங்கே போய்ப் பார்ப்பது? எட்டு மணிக்குக் கண் கொட்டாமல் உட்கார்ந்து பார்த்தாள்.

மறுநாள் காலை துவைக்க அவருடைய யூனிபார்மை எடுத்தாள். தினமும் பிரஷ் தேயும் அளவுக்கு கிரீஸ் அப்பியிருக்கும். இன்று ஒரு பொட்டுகூட இல்லை. இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. ஷிப்டுக்குப் போய் வந்த சட்டையா இது?

கூடத்தில் திம்மப்பன் ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு காபி குடித்தார். “ம், சொல்லு.”

பார்வதி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். வேண்டுமென்றே, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, தப்பாகச் சொன்னாள்.

“நகையைத் திருடினது கம்பவுண்டருங்க.”

திம்மப்பன் துள்ளி எழுந்தார். “மாட்டினியா! நீ பார்க்கவே இல்ல! எடுத்தது போஸ்ட் மாஸ்டர்! மழையில வந்தேன்னான், குடை நனையவே இல்ல. அதை வச்சுத்தான் புடிச்சாரு!”

“அப்படியா” என்றாள் பார்வதி.

அதற்குமேல் பேசவில்லை. திம்மப்பனுக்கு வியர்த்தது.

“இல்ல... கேன்டீன்ல... போன்ல பார்த்தேன்.”

“போனைத்தான் கம்பெனி கேட்டுலயே வாங்கி வச்சுக்குவாங்களே.” மடிப்புக் கலையாத சட்டையை நீட்டினாள். “அந்தக் குடை மாதிரியே இருக்குதுங்க இது.”

“உன்னை மடக்கலாம்னு... பக்கத்துத் தெரு மாதேஷ் வீட்ல உக்காந்து பார்த்தேன். கம்பெனில எனக்குக் காய்ச்சல்னு சொல்லியிருக்கேன். யாருகிட்டயும் சொல்லிடாத, தாயே!”

ஷிப்ட் மாறிவிட்டது. இப்போது எட்டு மணிக்கு இருவரும் சேர்ந்தே பார்க்கிறார்கள். திம்மப்பன் அதிகம் பேசுவதில்லை, பழையபடி. ஆனாலும் மனுஷர் மனசு எப்போது திரும்புமோ என்ற பயம் பார்வதியை விடவில்லை. அதனால் அந்தச் சட்டையைத் துவைக்காமல், மடிப்புக் கலையாமல், பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டாள்.