ரோஸ் அழகுதான், அக்காவை அனுப்புங்கள்

பாசத்திலும் ரோஷத்திலும் குறை வைக்காத குடும்பத்தில் பிறந்த என் மைத்துனருக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாலு சுவரும் சௌக்கியம். அங்கே நீங்களும், பிள்ளைகளும், பெட்டியோடு வந்து இறங்கியிருக்கும் உங்கள் அக்காவும் சௌக்கியம்தானே?

மாப்பிள்ளை, அவள் ஒரு கதை சொல்லியிருப்பாள். நடந்ததைக் கேளுங்கள். விலைக்கு வீடு பார்க்கப் போன அன்று பாத்ரூம் கதவைத் திறந்தவள் மூச்சே விடவில்லை. டைல்ஸ் ரோஸ், தொட்டி ரோஸ், வாஷ்பேசின் ரோஸ், கக்கூஸ் மூடிகூட ரோஸ். "என்னங்க, முதல்ல இதை எடுத்துடுங்க" என்றாள். வீடு எடுக்கப் போன இடத்தில் பெண்டாட்டி 'எடுத்துடுங்க' என்றால் மனுஷன் என்ன செய்வான்? ஆளு மயங்கிட்டா என்று நின்ற இடத்திலேயே வீட்டை எடுத்துட்டேன். அவள் சொன்னது பெயர்த்து எடுக்கிறதையாம்! தமிழில் இப்படி ஒரு பொத்தல் இருந்தால் அதுக்கு நானா பொறுப்பு? நான் எட்டாவதுதான் என்றாலும், அந்த எட்டாவதை மூணு வருஷம் ஆழமாகப் படித்தவன்.

ரோஸைப் பெயர்த்தால்தான் வருவேன் என்று அவள் கிளம்பிய பிறகு, நான் இந்த வீட்டை ஆராய்ச்சி செய்துட்டேன். என்ன கலைநயம் மாப்பிள்ளை! ஹாலில் சுவர் முழுக்க அருவிப் படம் ஒட்டியிருக்கு பாருங்க, அதுக்கு எதிரே உட்கார்ந்தால் குளிர் தாங்கலை, போர்வை போர்த்திக்கிட்டுத்தான் பேப்பர் படிக்கிறேன், என்ன, கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் பாத்ரூமுக்கு எழுந்து போகவேண்டியிருக்கு, போனால் அங்கே ரோஸ், அந்த ரோஸ் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்தால் நம்ம கல்யாண ஆல்பத்து முகம் அப்படியே வருது, திரும்பி வந்தால் தரையில் பிரவுன் பூப்போட்ட கார்ப்பெட், அதில் கழட்டிவிட்ட ஒத்தைச் செருப்பு பூவோடு பூவாகக் கலந்து போய் இன்னும் கிடைக்கலை, அவ்வளவு நுணுக்கம்! நேற்று ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், பெரிய பெரிய பங்களாவெல்லாம் பார்த்தவர், உள்ளே வந்து வாயைப் பிளந்துட்டார். "சார், இதுக்குள்ள எப்படி சார் இருக்கீங்க?" என்றார். "கொடுத்து வைக்கணும்பா" என்றேன். "யாருக்கு சார்?" என்றார். பொறாமை!

ஆகவே ஒரு டைல்ஸைக்கூடத் தொடமாட்டேன் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கொஞ்சம் நயமாகப் பேசி அனுப்பியும் வையுங்கள். சமையல் எனக்குக் கைவந்த கலை. ஆனால் அடுப்படியில் அந்தப் பட்டாணிப் பச்சை அலமாரிகளுக்கு நடுவில் நின்று ஒரு ஆளுக்கு மட்டும் டீ போட்டால், டீ டீயாக வரமாட்டேங்குது.

பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசி. உங்கள் மனைவியின் கைப்பக்குவத்துக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமன்

பி.கு.: மாப்பிள்ளை, மோசம் போயிட்டேன். வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதினால்தான் எனக்குக் கை ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். விட்டுப்போன மாத்திரையை எடுக்க வந்த உங்க அக்கா கதவோரம் நின்று எல்லாத்தையும் கேட்டுட்டாள். "இவ்வளவு ஆசையா இருக்கீங்களா? நான்தான் உங்க மனசைப் புரிஞ்சுக்கலை" என்று கண்ணைத் துடைச்சுக்கிட்டாள். சந்தோஷம்தான். ஆனால் எல்லாத்தையும் உடைச்சு வெள்ளையாக்கி அவளை அசத்தலாம் என்று ரகசியமாக வரச்சொல்லியிருந்த கொத்தனாரும் அதே நேரத்தில் வந்து நின்றார். "என் வீட்டுக்காரர் ரசிக்கிறார், ஒரு கீறல் விழக்கூடாது" என்று வாசலோடு அனுப்பிட்டாள். இனி ஆயுசுக்கும் ரோஸ்! அந்த ரோஸைக் கண்டாலே எனக்குக் குமட்டுது மாப்பிள்ளை. உடனே கிளம்பி வந்து, "அக்கா, மாமா சொன்னது அத்தனையும் புளுகு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. நானே சொல்லிப் பார்த்துட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையுமே நம்பாதவள், "போங்க, உங்களுக்குத் தன்னடக்கம்" என்று சிரிக்கிறாள்.