மியூசியத்தில் விட்டுவிட்டு வந்த உங்கள் தங்கை

ஷார்ஜா, ரோலா

மதிப்பிற்குரிய சதக்கத்துல்லா மச்சான் சமூகத்திற்கு, செய்கு அலாவுதீன் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். 'எல்லோரும்' என்பதில் உங்கள் தங்கையும் அடக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அவள் உங்களுக்குப் போன் போடுவாள். அதற்குள் என் தரப்பு உங்களை வந்து சேரவேண்டும் என்றுதான் நாளை ஊருக்குக் கிளம்புகிறவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். மகன் அஸ்கர் அலியின் கம்பெனி வெள்ளைக்காரர் ஒருவர், பெருநாள் லீவுக்குத் தன் வண்டியைக் கொடுத்தார். வண்டி என்றால் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற ஓடும் வீடு. பேத்தி ஹிஃப்ஸாவுக்குப் பள்ளிக்கூடத்தில் மியூசியங்களைப் பற்றி எழுதச் சொல்லியிருந்ததால், மருமகள் டூட்டிக்குப் போக, நாங்கள் நால்வரும் கிளம்பினோம். முதலில் ஷார்ஜா அறிவியல் மியூசியம். அங்கே ஓர் உலோக உருண்டையைத் தொட்டால் முடி நட்டுக்கொள்ளுமாம். எனக்குத் தலையில் நட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாததால் தாடி நட்டுக்கொண்டது. உங்கள் தங்கை மதீனா சிரித்த சிரிப்பில் இரண்டு அரபிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கோபத்தோடு ஃபுஜைரா பக்கம் மலைக்குள் ஒரு சின்ன ஊர்க் கோட்டை மியூசியத்துக்குப் போனோம். மத்தியானம் அதைப் பூட்டும் நேரமாகிவிட்டதால் அவசரமாக வெளியே வந்து வண்டியில் ஏறினோம். பின்னால் கட்டிலுக்குத் திரை போட்டிருந்தது. உங்கள் தங்கை படுத்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன், அஸ்கரும் நினைத்தான். மலை வளைவுகளில் அலமாரிப் பாத்திரங்கள் தலையில் விழ, நான் திரையைப் பார்த்து, "ஊர் முழுக்கக் கேக்க அப்படியா சிரிக்கிறது?" என்று ஆரம்பித்து, அவளுடைய தம்பிகள் வரைக்கும் இழுத்துப் பேசித் தீர்த்தேன். ஒரு மறுப்பு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி ஒத்துக்கொண்டதே கிடையாது என்று எனக்கு ஒரே பெருமை. அப்போது ஹிஃப்ஸா தலையணை எடுக்கத் திரையை விலக்கினாள்.

"டாடி, வாப்பும்மா இஸ் நாட் ஹியர்!"

அஸ்கர் வண்டியைத் திருப்பிய வேகத்தை எழுத முடியாது. மகன் அழுகிறான், பேத்தி அழுகிறாள், நான் யாசீன் ஓதுகிறேன். அவளுக்குப் பாஷை தெரியாது, கையில் போன் கிடையாது, வெளியே அந்த வெயில். உங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் மச்சான்? போய்ப் பார்த்தால் கதவில் பெரிய பூட்டு. காவலுக்கு இருந்த பாகிஸ்தான்காரப் பட்டாணி, உள்ளே யாரும் இல்லை என்று கையை விரித்தார்.

"மாஃபி மேடம், பாய். எல்லா ரூமும் பாத்தாச்சு. கலாஸ்!"

கெஞ்சிக் கூத்தாடித் திறக்க வைத்தோம். பழைய காலத்து வீடு ஒன்றை ஒரு அறையில் அமைத்து, கறுப்பு உடுத்திய பொம்மைப் பெண்களைப் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். "மதீனா!" என்று அலறினேன். ஒருத்தியும் அசையவில்லை. நான் இன்னும் பலமாக அலற, ஓரத்துப் பொம்மை வாய் திறந்தது.

"மெதுவாப் பேசுங்க. இது மியூசியம்."

பட்டாணி "யா அல்லாஹ்!" என்று சுவரோடு சாய்ந்துவிட்டார். அவர் எல்லா அறையும் பார்த்தது உண்மைதான். கறுப்புப் பர்தாவில் இருந்த இவளையும் பார்த்திருக்கிறார், பொம்மைக் கணக்கில்.

"முட்டு வலிச்சுது, உக்காந்தேன். கண்ணு அசந்துட்டு," என்றாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு பேச்சும் இல்லை. சோறு வைக்கிறாள், பேச்சில்லை. ஆகவே மச்சான், போனில் நீங்கள்தான் எனக்காக இரண்டு வார்த்தை சொல்லி அவள் மனசை இளக்கவேண்டும். மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் சலாம். உங்கள் ஆயுளுக்கும் வியாபாரத்துக்கும் துஆ செய்கிறேன்.

இப்படிக்கு,
செய்கு அலாவுதீன்

பின்குறிப்பு: கடிதத்தை உங்கள் தங்கை வாங்கிப் படித்துவிட்டாள். தூங்கியதெல்லாம் பொய்யாம். வண்டி கிளம்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாளாம். ஏன் கூப்பிடவில்லை என்றேன். "உள்ள குளுகுளுன்னு இருந்துச்சு, ஒரு சத்தம் இல்ல," என்கிறாள். எனவே நான் மேலே கேட்ட சிபாரிசு வேண்டாம், போனில் அவளை நன்றாகத் திட்டவும். அடுத்த வாரம் அல் ஐன் மியூசியத்துக்குப் போகலாம் என்று அஸ்கரிடம் சொல்லியிருக்கிறாள். நான் வரவில்லை என்றேன்.

"நீங்க வராட்டி, என்னை அங்க யாரு விட்டுட்டுப் போவா?" என்று கேட்கிறாள்.