மடங்காத ஹோஸ்

இனிமேல் தனியாகத்தான் வேலைக்குப் போவேன் என்று மாமா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அறிவித்தார். மாமா என்றால் என் அக்கா புருஷன். படிப்புக்கு முழுக்குப் போட்ட நாளிலிருந்து நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன்.

மாமாவுக்கு ஜன்னல் கழுவுகிற தொழில். ஏணியெல்லாம் கிடையாது. தரையில் நின்றபடியே மூன்று மாடிக்கு நீளுகிற கம்பைப் பிடித்துக்கொள்வார். வண்டியில் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து ஹோஸ் வழியாக, உப்பு நீக்கிய தண்ணீர் கம்புக்குள் ஏறி, நுனியில் இருக்கிற பிரஷ்ஷில் கொட்டும். துடைக்கவே வேண்டாம். தானே காயும், ஒரு புள்ளி இருக்காது.

இதில் அக்காவின் வேலை, ஹோஸைப் பார்த்துக்கொள்வது. அது வண்டிச் சக்கரத்தில் மாட்டும், சுவர் மூலையில் மடியும். மடிந்தால் மேலே தண்ணீர் நின்றுவிடும். மாமா "தண்ணி" என்பார். அக்கா ஹோஸ் கூடவே நடந்து மடிப்பைக் கண்டுபிடித்து நிமிர்த்துவாள். சும்மா நிமிர்த்த மாட்டாள்.

"ஏங்க, கேஸ் தீரப்போகுது, சிலிண்டருக்குச் சொல்லச் சொன்னேனே, சொன்னீங்களா?"

அடுத்த மூலையில் அடுத்த மடிப்பு.

"உங்க அம்மா போன் பண்ணாங்க. நீங்க எடுக்கலையாம். நான்தான் பிடிச்சு வெச்சிருக்கேனாம்."

மடிப்புக்கு ஒரு பேச்சு. பழைய ஹோஸ் என்பதால் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

மாமா கனவு காண்கிற ஆள். அதுதான் சிக்கல். தண்ணீர் கண்ணாடியில் இறங்கும்போது அதில் தெரிகிற மேகமும் சேர்ந்து இறங்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் கட்டடமே மெதுவாக மேலே போகிற மாதிரி இருக்கும். எனக்குப் பொறுமை கிடையாது, எனக்கே அப்படித் தெரிந்தது என்றால் பாருங்கள். மாமா வாயைத் திறந்தபடி கட்டடத்தோடு கிளம்பிவிடுவார். பாதி வழியில் தண்ணீர் நிற்கும். கட்டடம் தரைக்கு வந்துவிடும். பக்கத்தில் அக்கா நிற்பாள்.

"ஒரு தடவையாவது மொட்டை மாடியைத் தாண்டிப் போகணும்" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

நான் அவர் பக்கம். பாசமெல்லாம் இல்லை. அக்கா வீட்டில் இருந்தால் மத்தியானம் சூடாகச் சாப்பிடலாம்.

"தனியா போனா ஹோஸை யாரு பாக்குறது?" என்றாள் அக்கா.

"மடங்காத ஹோஸ் வாங்கப்போறேன். அப்புறம் ஒரு ஆள் போதும். நீ வீட்ல நிம்மதியா இரு."

சண்டை வரும் என்று தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டேன். அக்கா அவருக்கு இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

"நல்ல யோசனைங்க. நானும் கடைக்கு வரேன்."

மாமாவுக்குப் புரையேறியது.

கடையில் ஹோஸெல்லாம் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன. இருப்பதிலேயே தடியான ரப்பர் ஹோஸை மாமா தடவிக் கொடுத்தார்.

"இது எந்தக் காலத்துலயும் மடங்காது சார்" என்றார் கடைக்காரர்.

"அப்படி ஒன்னு எங்க வீட்ல ஏற்கெனவே இருக்கு" என்றார் மாமா, மெதுவாக.

அது அக்கா காதில் விழுந்தது. சுருளைத் தூக்கிப் பார்த்தாள்.

"கனம். நாள் பூரா இழுத்தா தோள் கழண்டுடும்."

"இழுக்கப்போறது நான்தானே?"

"உங்க தோள்னா எனக்கு அக்கறை இல்லையா?"

மாமா கரைந்துவிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்தேன்.

அடுத்தது மெல்லிய ஹோஸ். அக்கா வளைத்த உடனே படுத்துக்கொண்டது. "இது முறைச்சாலே மடங்குது" என்று தள்ளிவிட்டாள். மூன்றாவது மஞ்சள் நிறம். உள்ளே நூல் வலை பின்னியது. வளையம் போட்டு இறுக்கினாள். வளையம் சுருங்கிச் சுருங்கி, மடியாமல், வழுக்கிப் பிரிந்தது. தோளில் போட்டுக்கொண்டு தெருவரைக்கும் இழுத்துப் போய்த் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கவில்லை.

"இதுதான்."

"புதுசுல சுருண்டே இருந்த ஞாபகம் இருக்கும்மா" என்றார் கடைக்காரர். "ஒரு நாள் வெயில்ல நீளமாப் போட்டு வைங்க. மறந்துடும்."

"கூட இவரையும் போடலாமா?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹோஸ் எங்கள் சந்தில் வெயில் காய்ந்தது. யாரோ தெருவுக்கு மஞ்சள் கோடு இழுத்த மாதிரி. மாமா செருப்பில்லாமல் அதன் ஓரமாகவே நடந்தார். காற்றில் துணிகள் ஆடின. பூனை ஒன்று ஹோஸ்மேல் தலை வைத்துத் தூங்கியது.

அக்கா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "ஏங்க, கம்பை எப்படி நீட்டுறீங்க? இத்தனை நாள் கூடவே இருந்தும் கேட்டதில்லை."

மாமாவிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. எந்தக் கிளிப்பை முதலில் தளர்த்துவது, காற்றடித்தால் காலை எப்படி ஊன்றுவது, கடைசியில் பிரஷ்ஷைக் கண்ணாடியிலிருந்து விலக்கி வெறும் தண்ணீரால் எப்படி அலசிவிடுவது, எல்லாம் சொன்னார். அக்கா கம்பைப் பிடித்துப் பழகினாள். மாமா கை தட்டினார்.

திங்கட்கிழமை காலை அவர் தேய்த்த சட்டையோடு வாசலுக்கு வந்தபோது வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் முன்னால் அக்கா.

"எங்க கிளம்பிட்ட?"

"வேலைக்கு."

"ஹோஸ்தான் மடங்காதே. நீ எதுக்கு?"

"அதான் மடங்காதே. நீங்க எதுக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் பூனையைப் பார்த்தேன்.

"ஒரு ஆள் போதும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் அக்கா. "நிம்மதியா இருங்க. அரிசி ஊற வெச்சிருக்கேன்."

வண்டி போய்விட்டது. மாமா சமைத்தார். சூடாக இருந்தது. வேறு நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நாங்கள் நடந்தே போனோம். மூன்று மாடி அலுவலகம். பின்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அக்கா கம்பைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றாள். தண்ணீர் கண்ணாடியில் இறங்கிக்கொண்டே இருந்தது. மேகம் மேகமாக இறங்கியது. அவள் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கட்டடத்தோடு அவளும் இரண்டாவது மாடியைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள்.

மாமா கிட்டே போய் நின்றார். அவரும் அண்ணாந்தார்.

"சாப்பாடு கொண்டுவந்திருக்கேன்" என்றார், ரொம்ப மெல்ல.

அக்கா திரும்பவில்லை.

"வெச்சிட்டுப் போங்க. ஹோஸை மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."